காரியாபட்டிச் சந்தையில் கோகிலாம்பாள்

அருப்புக்கோட்டை பஜாரில் தனுஷ்கோடியின் கடையில் ஓலைப்பெட்டி, சுளகு, கோரைப்பாய், நார்க்கயிறு எல்லாம் கிடைக்கும். செய்கிறவர்களிடமே வாங்க வேண்டும் என்று சந்தை சந்தையாக அலைவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் பரணிலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கடையில் உட்கார முடிந்தது, பஸ் ஏற முடியவில்லை. பிள்ளை இல்லாத வீடு. அவர் மனைவி கோகிலாம்பாள்தான் சரக்கெடுக்கப் போக வேண்டியதாயிற்று.

அவளுக்கு எல்லாமே பயம். பஸ் வளைவில் திரும்பினால் பயம், கூட்டத்தில் யாராவது முட்டினால் பயம். சந்தை நாளில் காலையிலிருந்தே சோறு இறங்காது. காரியாபட்டிச் சந்தையில் ராக்கம்மாள் என்று ஓலைப்பெட்டி முடைகிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் கோகிலாம்பாளுக்கு மூச்சு சீராகும்.

அறுபத்தெட்டில், எங்கோ பாலம் கட்டுகிறார்கள், பிள்ளையைப் பலி கொடுத்தால்தான் தூண் நிற்குமாம், சாக்கோடு ஆட்கள் திரிகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியது. பள்ளிக்கூடத்துக்குக்கூட பிள்ளைகளை அனுப்பாமல் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

பானை விற்கிற வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தால் நாலு வயதுப் பெண்குழந்தை, மூக்கொழுக அழுதுகொண்டு நின்றது. “யாரு பிள்ள தாயி நீ? ஒங்க ஆத்தா எங்க?” என்று கேட்டாள். அது இன்னும் இறுக்கிப் பிடித்ததே தவிர வாய் திறக்கவில்லை.

கோகிலாம்பாள் சுற்றிலும் பார்த்தாள்; பிள்ளையைத் தேடி யாரும் வருவதாகத் தெரியவில்லை. தோளில் இரண்டு காலிச் சாக்குகள். விட்டுவிட்டுப் போனால் வண்டி மாட்டின் காலில் விழுந்துவிடும். தூக்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சந்தைக் குத்தகைக்காரர் கொட்டகையில் ஒப்படைத்துவிடலாம் என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அந்த வேகம்தான் வினையாகிவிட்டது.

“ஏலே, பிள்ள புடிக்கிறவடா! சாக்கப் பாருங்கடா!”

நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் சாக்கைப் பிடுங்கினான். இன்னொருவன் கன்னத்தில் அறைந்தான். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. தான் யாரென்று சொல்ல நினைக்கிறாள், நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்குள் ஒருவன் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தான். அது வீரிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

“இழுக்காதீகய்யா, பிள்ள கை ஒடிஞ்சு போகும்!”

அவ்வளவுதான் வாயில் வந்தது. குழந்தையை மடியில் அமுக்கிக்கொண்டு புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதுகில் அடி விழுந்தது. இனி உயிரோடு வீடு போகப் போவதில்லை என்றுதான் நினைத்தாள்.

ராக்கம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். “அருப்புக்கோட்டைக் கடைக்கார அம்மாடா! எங்கிட்ட பெட்டி வாங்க வாரவுக!” என்று கத்தினாள்.

“அப்ப நீயும் இவளுக்குக் கூட்டா?” என்று ஒருவன் அவள் மேலேயும் பாய்ந்தான்.

அந்நேரம் குழந்தையின் தாய் மாரிக்கனி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “ஆத்தா!” என்று குழந்தை தாவியது. மாரிக்கனி அதை வாரிக்கொண்டு, கோகிலாம்பாளைப் பேயைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

பிள்ளை தாயிடம் சேர்ந்ததும், ராக்கம்மாள் சொன்னதை நம்பினார்களோ என்னவோ, கூட்டம் கலைந்தது. அறைந்தவன் சாக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தலை குனிந்தபடி போனான்.

வீட்டில், மாடு முட்டி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். உண்மை தெரிந்தால் அந்த இடுப்போடு அவரே சந்தைக்குக் கிளம்பிவிடுவாரோ என்று அதற்கும் பயம். மூன்று வாரம் உடம்புக்கு முடியவில்லை என்று படுத்துக்கொண்டாள். கடை காலியாகிக்கொண்டு வந்தது.

நாலாவது வாரம் ராக்கம்மாளே பஸ்ஸில் வந்து இறங்கினாள். “அந்தப் பிள்ளையோட ஆத்தா சந்தைக்குச் சந்தை வந்து ஒங்களத் தேடுறாம்மா” என்றாள்.

“எதுக்கு? மறுபடியும் அடிக்கவா?”

“தெரியல. நான் கூட இருக்கேன், வாங்க.”

போனாள். ராக்கம்மாள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். மாரிக்கனி குழந்தையோடு வந்து எதிரே நின்றாள்.

“அன்னைக்கு நானும் ஒங்கள அடிக்கத்தாம்மா ஓடியாந்தேன். கையில கல்லு வச்சிருந்தேன். பிள்ள தாவுனதும் எங்கயோ விழுந்துருச்சு. இல்லேன்னா எறிஞ்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதாள்.

கோகிலாம்பாளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கல் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்றுதான் நினைப்பு ஓடியது. “எம் பிள்ளையா இருந்தா நானும் எறிஞ்சிருப்பேன், போ” என்றாள்.

எழுபத்தைந்து வரைக்கும் அவள் சந்தைக்குப் போய்வந்தாள். பயம் ஒரு நாளும் விடவில்லை. தனுஷ்கோடி கடைசிவரை மாடு முட்டியதென்றே நம்பியிருந்தார். காரியாபட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம், “மாட்டுச் சந்தைப் பக்கம் போகாத” என்று சொல்லித்தான் அனுப்புவார்.