கடைசி பட்டன்

அடுத்தவர் பெற்ற பிள்ளையின் எதிர்காலத்தை டைப் அடித்துக் கொடுப்பது என் தொழில். பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் சின்னதாக ஒரு நெட் சென்டர். பத்து மாதம் ஆதார், பட்டா, ஜெராக்ஸ் என்று ஓடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் இன்ஜினியரிங் கவுன்சலிங்தான். அந்த இரண்டு மாதத்தைப் பெற்றவராகத் தாண்டியிருந்தால், என் அவஸ்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பஸ் பார்த்துப் போட்ட லிஸ்ட்

எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் பட்டியல் போட வேண்டும். மேலே இருப்பதற்குத்தான் முதல் உரிமை. அதனால் பாடம், வாத்தியார், லேப் எல்லாம் விசாரித்துப் போடுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வேன்.

ஒரு தக்காளி மண்டிக்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் பன்னிரண்டு கல்லூரிப் பெயர் எழுதிய தாள். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்றேன். "எங்க வூட்டு வாசல்ல எந்தெந்த காலேஜ் பஸ் நிக்குதோ, அதையெல்லாம் எழுதியாந்துட்டேங்க. ஏசி பஸ் மேல இருக்கட்டும்."

பத்திரமாக வந்த ஓ.டி.பி.

சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கி வந்திருந்தாள். பட்டியலை முடித்தோம். உறுதி செய்ய ஓ.டி.பி. வேண்டும், அது அப்பா போனுக்குப் போகும். போன் செய்தால் லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரை நானும் அவளும் மாறி மாறி முயன்று ஓய்ந்தோம்.

ஐந்து மணிக்கு அவரே கடை வாசலில் நின்றார். மலை பஸ் பிடித்து வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். பத்து நிமிஷத்தில் செத்துப்போகும் ஓ.டி.பி., வந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே. அதான் போன்ல சொல்லாம நேர்லயே கொண்டாந்துட்டேன்."

அவர் எதிரிலேயே புதிதாக ஒன்று வரவழைத்து வேலையை முடித்தேன்.

என் வீட்டு ஓ.டி.பி.

பிறகு என் மகள் ஷீபாவின் முறை. அவளுக்கு எலக்ட்ரிகல் படிக்க ஆசை. கிடைத்ததோ, பெயரே கேள்விப்படாத கல்லூரியில் கம்ப்யூட்டர். இன்னொரு கல்லூரி மேனேஜ்மென்ட் கோட்டாவில் எலக்ட்ரிகல் தருவதாக நாளுக்கு நாலு முறை போன் செய்தது. ஷீபா நேரில் போய் லேபைப் பார்த்துவிட்டு வந்தாள். மெஷின்மேல் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையையே இன்னும் பிரிக்கவில்லையாம்.

"பிளஸ் டூ முடிச்சிட்டதால அரசு பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேர்றேன். டிப்ளமா முடிச்சிட்டு, நல்ல காலேஜ்ல பி.இ. ரெண்டாம் வருஷத்துக்கு மோதிப் பாக்கறேன்" என்றாள். ஒரு வருஷம் கூடுதலாகும். அப்புறமும் பி.இ. இடம் கிடைக்காமல் போகலாம்.

கவுன்சலிங் பக்கத்தில் கடைசியாக ஒரு பட்டன் உண்டு: கிடைத்த இடமும் வேண்டாம், கவுன்சலிங்கும் வேண்டாம், விலகிக்கொள்கிறேன். என் கடையில் அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. ஷீபா அமுக்கினாள். ஓ.டி.பி. என் போனுக்கு வந்தது. முதலாவது காலாவதியாகும் வரை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டாவதை வரவழைத்தாள். அதுவும் வந்தது. "சித்தேரிக்காரரு மாதிரி நீயும் பத்திரமா வச்சிருக்காதம்மா, சொல்லு."

சொன்னேன்.

ரோட்டைப் பார்த்த போர்டு

சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்தார்கள். "ஊருக்கெல்லாம் சீட்டு வாங்கித் தர்றவ பொண்ணு டிப்ளமாவா?" என்று கல்யாண வீட்டில் என் காதில் விழும்படியே ஒருத்தி கேட்டாள். மறுநாள் பெயின்டரைக் கூப்பிட்டேன். கடை போர்டில் இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு மேலே, பாலிடெக்னிக் விண்ணப்பம் என்று எழுதச் சொன்னேன்.

ஷீபா முதல் நாள் ஒர்க்‌ஷாப் சட்டையோடு அந்த போர்டுக்குக் கீழேதான் பஸ் ஏறினாள். பார்த்துக்கொண்டிருந்த என் நாத்தனார் தாங்க முடியாமல் சொன்னாள்: "அந்தக் கண்றாவிய உள்ள எங்கியாச்சும் எழுதிக்கக்கூடாதா அண்ணி, ரோட்டப் பாத்தா எழுதணும்?"

உள்ளே எழுதினால் நாத்தனாருக்குத் தெரியாதே என்றுதான் ரோட்டைப் பார்த்து எழுதினேன். வெயிலில் வெளுத்தால் மறுபடியும் எழுதுவேன், இன்னும் கொஞ்சம் பெரிதாக.