நல்லூரில் எட்டு மணி

அக்டோபர் மாதத்தின் கடைசி சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குக் கோவில்பட்டியில் பஸ் ஏறினேன். மதுரையில் ஒரு மாற்று, தாராபுரத்தில் ஒரு மாற்று, காங்கேயத்தில் இன்னொன்று. காங்கேயத்திலிருந்து, திருப்பூரை ஒட்டிய நல்லூருக்கு இருபத்து நான்கு ரூபாய். மழை வரும்போலிருந்து வராத வானம். மூன்று மணிக்கு இறங்கியபோது தெருவின் இரண்டு பக்கமும் தையல் மெஷின்களின் ஓசை. வீடுகளின் மாடியிலும் அதே ஓசைதான்.

நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் டீ பதினைந்து ரூபாய். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தம்பி வீடு எங்கே என்று விசாரித்தேன். ஜெபராஜின் அக்கா என்று தெரிந்ததும் வழி சொல்லிவிட்டு, இன்னொரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“அவரு ஆபீஸ் நம்ம கடைக்கு எதுத்தாப்லதானுங்க. திங்கக்கெழமையில இருந்து கூட ரெண்டு லிட்டர் பால் சொல்லிப்போட்டனுங்க. வெள்ளைக்காரங்க நாளைக்குக் கடிகாரத்த மாத்தறாங்கல்லங்க.”

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். ஐரோப்பாவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்களாம். அவர்களுக்கு அதே மூன்றரை மணி மீட்டிங்தான். இங்கே ஏழு மணியாக இருந்தது எட்டாகிவிடும். அதுவரை ஆபீஸில் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு சுற்று டீ வேண்டும். மார்ச் கடைசி வரைக்கும் கடையடைக்க ஒரு மணி நேரம் கூடும் என்றார். இதைச் சொல்லும்போதே கொட்டாவி விட்டார்.

தம்பி ஜெபராஜ் பதினொரு வருடமாக இங்கே மெர்ச்சண்டைசர். அதாவது ஜெர்மனியில் பனியன், டீ-சர்ட் வாங்குகிற பையர்களுக்கும் இங்கே தைக்கிற கம்பெனிக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலை. அவன் மனைவி சுகன்யா வெள்ளகோவில்காரி. பக்கத்து யூனிட்டில் துணி சரிபார்க்கிறாள். மகள் ரூபிக்கு ஐந்து வயது. அவர்கள் வீட்டு ஹாலில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தன. ஒன்று நமது நேரம். மற்றது ‘அப்பா கடிகாரம்’, ஜெர்மனி நேரம்.

சனிக்கிழமை மீட்டிங் கிடையாது. இரவு எட்டு மணிக்கு ஜெபராஜ் ரூபியின் பக்கத்தில் படுத்தான். அவள் அவனுடைய டீ-சர்ட்டின் கீழ்விளிம்பை இழுத்து விட்டாள், மறுபடி இழுத்து விட்டாள். நீண்டு சுருங்கும் அந்தத் துணியை ஏழெட்டு முறை இழுப்பதற்குள் தூங்கிப்போனாள். பிறந்ததிலிருந்து இப்படித்தான் என்றாள் சுகன்யா. அதனால்தான் தனக்குக் குளிர்காலம் என்றாலே பயம் என்றாள். போன வருடம் ரூபி தினமும் அப்பாவுக்காக ஒன்பதரை வரை விழித்திருந்தாள். காலை ஏழு இருபதுக்குப் பள்ளி வேன். வகுப்பில் தலை வைத்துத் தூங்கியதற்காகச் சுகன்யாவை இரண்டு முறை அழைத்துப் பேசினார்கள். பொங்கலுக்குள் பிள்ளை மெலிந்துவிட்டாள்.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பு, ஜெபராஜ் ஸ்டூலில் ஏறி இரண்டாவது கடிகாரத்தை இறக்கினான். ரூபி வந்து ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“மாத்தாதப்பா.”

“நான் மாத்தலை, கண்ணு. அங்க மாத்திட்டாங்க.”

“நீ மாத்துனாத்தான் லேட்டா வருவ.”

அவன் முள்ளைத் திருப்பாமல் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். சுகன்யா அடுப்படியிலிருந்து வந்தாள். மீட்டிங்கை ஒரு மணி நேரம் முன்னால் வைக்கச் சொல்லிக் கேட்டால் என்ன என்று போன வருடமே சொன்னாளாம்.

“பையர்கிட்ட போயி, எம் பிள்ளைக்குத் தூக்கம் வரலைன்னா சொல்ல முடியும்? அக்கா, நீயே சொல்லு.”

நான் சொல்வதற்குள் சுகன்யா சொன்னாள். “வெலையக் கொறைங்கன்னு வருசாவருசம் அவிங்க கேக்கறாங்கல்ல? அவிங்களுக்குக் கூச்சமா இருக்குதுங்களா? நீங்க கேக்கறது ஒரு மணி நேரந்தானுங்க.”

பதினொரு வருடத்தில் அவன் பையரிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்ற கவலை வேறு. சாப்பிட்டு முடித்து முள்ளைத் திருப்பி மாட்டினான். சாயங்காலம் மொட்டை மாடியில் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கள் இரவு எட்டு மணிக்கு ரூபியைத் தூங்கவைக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். என் சேலைத் தலைப்பை இழுத்துப் பார்த்தாள். “அத்தை, இது நீளவே இல்லை.” சுகன்யா அவனுடைய டீ-சர்ட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் இழுத்துப் பார்த்துவிட்டு, “உள்ள அப்பா இல்லையே” என்று திருப்பிக் கொடுத்தாள். கதை சொன்னேன், விளக்கை அணைத்தேன், முதுகைத் தட்டினேன். எனக்குத்தான் கண் சொருகியது. ஒன்பது பத்துக்கு பைக் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினாள்.

ஜெபராஜ் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கேட்டுவிட்டேன் என்றான். மீட்டிங் முடியும்வரை வாயே வரவில்லையாம். போனை வைக்கப் போகும்போதுதான் அந்தப் பையர் பெண்ணிடம் கேட்டிருக்கிறான். ஒரு நிமிடம் இரு என்றாளாம். அத்தோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறான். பிறகு அவள் சொன்னாளாம்: கடிகாரம் மாறினாலே தன் மகன் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறான், சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் அங்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது, மீட்டிங்கை இரண்டரைக்கு வைத்தால் பள்ளியிலிருந்து அவனை வெளிச்சம் இருக்கும்போதே அழைத்து வந்து பூங்காவில் கொஞ்சம் விடலாம். தானாகக் கேட்கத் தயங்கியதற்குக் காரணம், எட்டு மணிதான் திருப்பூருக்கு வசதி என்று நினைத்தது. இத்தனை வருடமாக யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

“யாரும் சொல்லலையாமா?” என்று கேட்டுவிட்டுச் சுகன்யா சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தோசைக்கல்லைப் போட்டாள்.

செவ்வாய் இரவு ஏழு ஐம்பதுக்கு அவன் வீட்டில் இருந்தான். எட்டே காலுக்கு ரூபி தூங்கிவிட்டாள்.

புதன் காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். போகும்போது எழுப்புவதாக ரூபியிடம் சொல்லியிருந்தேன். ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்தபடி, அப்படியொரு தூக்கம். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், யாரும் எழுப்பவில்லை. கோவில்பட்டியில் என் வீட்டில் ஒரே கடிகாரம்தான். எங்கோ ஓர் ஊரில் சீக்கிரம் இருட்டுவதால் என் உலை தாமதமாகக் கொதித்ததில்லை. நல்லூரில் அதற்கென்றே ஒரு கடிகாரத்தை மாட்டி, அதற்குப் பேரும் வைத்திருக்கிறார்கள்.

டீக்கடையில் அப்போதுதான் பாய்லர் சூடாகிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“உங்க தம்பி கேட்டுப்போட்டாருங்க. நேத்து ஆபீஸ்காரங்க ரெண்டு பேரு இங்க நின்னுக்கிட்டு, எப்படிக் கேட்டாரு, இங்கிலீசுல என்ன சொன்னாருன்னு விசாரிச்சாங்க. இப்படி எல்லாரும் கேட்டுப்போட்டா, நான் சொல்லி வெச்ச பால எங்க கொண்டுபோயி ஊத்தறதுங்க?”

டீயை ஆற்றி என் கையில் கொடுத்தார். காங்கேயம் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. நான் பையை எடுக்கும்போது அவர் வேறொன்றையும் யோசித்திருக்க வேண்டும்.

“நானும் நேரத்துல ஊட்டுக்குப் போயிருவனுங்க” என்றார்.