தலைப்பிரசவமும் பாலாற்றங்கரைத் தண்ணீரும்

அன்று மதியம் சோறு மஞ்சளாக வெந்திருந்தது. அம்மா அரிசியைக் குறை சொன்னாள். நைனா விறகைக் குறை சொன்னார். தண்ணீர்தான் காரணம் என்று எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் தெருக்கிணற்றுக்கும் பாலாற்றுக்கும் நடுவே தோல் பதனிடும் கிடங்கு ஒன்று இருந்தது. அதன் சுண்ணாம்புக் குழிகள் வழிந்து, அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஆம்பூரை விட்டே போய்விட வேண்டும் என்ற எண்ணம் அந்த முதல் கவளத்தோடுதான் வந்தது. எனக்கு எதையும் அடக்கி வைக்கத் தெரியாது. வாயில் சோறு இருக்கும்போதே சொல்லியும் விட்டேன்.

நைனா அதே கிடங்கில் மேஸ்திரி. ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் தோலைப் புரட்டும் ஆட்களை மேய்ப்பவர். சாப்பிட்டுக் கை கழுவி வந்துதான் பதில் சொன்னார்.

"அந்தக் கெடங்குதான்டா உன்னை இஸ்கூலுக்கு அனுப்புச்சு. படிச்சது ஜாஸ்தியாப் போச்சு உனக்கு."

நான் விடவில்லை. பள்ளியில் செய்து காட்டியதுபோல, கிணற்றுத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வற்றக் காய்ச்சினேன். அடியில் வெள்ளையாய்ப் படிந்ததை அம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புதானே. கொழம்புக்குப் போடறதைக் கம்மி பண்ணிக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா கர்ப்பமாக இருக்கும் செய்தி வரும்வரை அது எங்கள் வீட்டில் வேடிக்கைப் பேச்சாகவே இருந்தது.

அக்காவைக் கணியம்பாடிப் பக்கம் கொடுத்திருந்தோம். அவர்கள் கழனிக்கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். பிரசவம் அங்கேயே நடக்கட்டும் என்று கெஞ்சினேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதை மாற்ற அம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. "நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று கேட்டாள். வளைகாப்பு முடிந்ததும் நானே போய், காட்பாடியில் வண்டி மாறி, அக்காவை அழைத்து வந்தேன்.

அம்மா தண்ணீருக்கு என்னென்ன செய்யவேண்டுமோ அத்தனையும் செய்தாள். தெரு ஆட்களைக் கொண்டு கிணற்றில் நெல்லிக்கட்டைகளை இறக்கினாள். தினமும் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். விடிந்து பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் இறங்கி, மேலே கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. கொட்டை சேற்றைத்தான் பிரிக்கும், கரைந்துபோனதைப் பிரிக்காது என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். கோடை அது. அக்காவுக்கு ஓயாத தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தாள்.

வயிற்றுப்போக்கு வந்தது, நிற்கவில்லை. பாதங்கள் வீங்கின. குழந்தை நாள் நிறையுமுன் பிறந்தது. ஆண் குழந்தை. பால் குடிக்கத் தெம்பில்லாமல் ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. பார்க்க வந்த டாக்டரம்மாவிடம் தண்ணீர்தான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். அதற்குமேல் தன்னால் சொல்லமுடியாது என்றார்.

ஆற்றங்கரையில் புதைக்கப் போனோம். நைனா குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு பிடித்திருந்தார். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தோண்டினோம். முழங்கால் ஆழம் போவதற்குள் குழியில் தண்ணீர் சுரந்தது. ஆற்று ஊற்றுத் தண்ணீரின் நிறமில்லை அது, பழுப்பு. அதிலிருந்து எழுந்தது பட்டைத் தொட்டியின் நாற்றம். அது எனக்கு உறைக்கும் முன்பே நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே தள்ளித் தோண்டச் சொன்னார். அங்கேயும் அதே தண்ணீர். கடைசியில் மேட்டில், ஒரு வேலமரத்தடியில் காய்ந்த மண் கிடைத்தது.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "போய்டலாம்டா. எங்கனா போய்டலாம்."

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்காக நான் அவரை நச்சரித்திருந்தேன். கேட்டபோது மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

இப்போது அம்மா மாட்டேன் என்கிறாள். "கொழந்தைய இங்க மண்ணுல வெச்சிட்டு நான் எங்க வர்றது? நீங்க போங்க." அக்காவை மட்டுமாவது கணியம்பாடிக்கு அனுப்பு என்றால் அதற்கும் சம்மதமில்லை. வெறுங்கையோடு அனுப்பினால் அந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அழுகிறாள். அதனால் அக்கா இன்னும் இங்கேயே படுத்திருக்கிறாள். கால் வீக்கம் வடியவில்லை. தேத்தாங்கொட்டை இழைத்த அதே குடத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

நேற்று அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, எங்க கழனிக் கெணத்துத் தண்ணி ஒரு சொம்பு கெடச்சா போதும்டா" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் குடிபெயர்வோமா, இங்கேயே கிடப்போமா, எனக்குத் தெரியாது. நைனா காட்பாடிப் பக்கம் வேலை விசாரிக்கிறார். அம்மா மேட்டு வேலமரத்துக்குப் போய்வருகிறாள். அதெல்லாம் முடிவாகும்வரை அக்கா தாங்கமாட்டாள். ஒன்று மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் தன் அம்மாவைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டார். அக்காவின் மாமியாரே நேரில் வந்து, என் மருமகளை அனுப்புங்கள் என்று கூப்பிட்டால் அம்மாவால் தடுக்கமுடியாது. அந்த அம்மாளுக்கு என்னைப் பிடிக்காது. கல்யாணத்தன்று நான் பேசிய பேச்சில் முகம் சுளித்தவர். நான் எழுதினால் வரமாட்டார். காலை வண்டிக்குக் கிளம்புகிறேன். குரலை உயர்த்தாமல், தண்ணீரைப் பற்றிப் பாடம் நடத்தாமல், அவர் காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கவேண்டும்.