எட்டு டேப்பட்டும் ஒரு பழியும்

என் தாய்மாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிடுவது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த வருடம் அது. மலைமேலிருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டிலிருந்து அடிவாரத்துக்குப் பலாப்பழமும் மிளகும் ஆட்களும் ஏற்றிப் பிழைப்பு நடத்தியது எங்கள் வேன். ஓர் எஸ்டேட்காரர் கழித்துவிட்ட வெளிநாட்டு வண்டி. எஞ்சின் பின்பக்கம் இருக்கும். மழைக்காலம் முழுக்க ஓடாமல் நின்றதில், கிளப்பினால் டக்டக்கென்று ஒரே சத்தம். அடிவாரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த மாமாவை அப்பா வரவழைத்தார். அப்பா இந்த உலகத்தில் யார் பேச்சையாவது கேட்பார் என்றால் அது மாமா பேச்சை மட்டும்தான்.

வால்வுகளைத் தூக்கிவிடும் டேப்பட்டுகள் எட்டு. அந்த வண்டியில் அவற்றுக்குள் எண்ணெய் நிரம்பியிருக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் தட்டும். மாமா எட்டையும் கழற்றி, காற்றெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். எண்ணெய் டப்பாவுக்குள் ஒவ்வொன்றாக முக்கி, நடுவிலிருக்கும் முளையை ஆணியால் அழுத்தி அழுத்தி விட வேண்டும். காற்றுக் குமிழி வந்துகொண்டே இருக்கும். கட்டைவிரல் கன்றிப்போகும்வரை அழுத்தினேன். குமிழி நின்றதும் அம்மாவிடம் காட்டினேன். அவள் எட்டையும் தானே அழுத்திப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினாள்.

திரும்ப மாட்டும்போதுதான் மாமா தன் வேலையைக் காட்டினார். லாரிக்கு வைப்பதுபோல மெல்லிய தகட்டைச் செருகி, ஒவ்வொரு வால்வுக்கும் அதன் தலைமேலிருக்கும் திருகுக்கும் நடுவில் இடைவெளி விட்டு வைத்தார். சீட்டுக்கடியில் கிடந்த வண்டியின் புத்தகத்தை மழைநாளெல்லாம் புரட்டியவர்கள் நானும் அம்மாவும். இங்கிலீஷ் தெரியாது, படம் தெரியும். திருகு வால்வைத் தொட்ட பிறகும் இரண்டு சுற்று உள்ளே போக வேண்டும் என்று அம்பு போட்டிருந்தது.

"மாமா, படத்துல கேப்பே இல்லீங்க. தொட்டதுக்கப்புறம் ரெண்டு சுத்துங்க."

"முப்பது வருசமா எஞ்சின் பிரிக்கறேன். நீ படம் பாத்து எனக்குச் சொல்றியா கண்ணு?"

வண்டியைக் கிளப்பினார்கள். அப்பப்பா! தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அரைமணி நேரம் ஓடவிட்டும் நிற்கவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார்.

"புள்ள காத்தெடுத்த லட்சணம் மாப்ள. பொட்டப்புள்ளைகிட்டக் குடுத்தது என்ற தப்பு."

"இனி வண்டிப் பக்கம் வந்தீன்னா காலை ஒடச்சுப் போடுவேன்" என்று அப்பா கையை ஓங்கினார். நான் அம்மாவைப் பார்த்தேன். எட்டையும் அழுத்திப் பார்த்தவள் அவள்தானே! ஒரு வார்த்தை சொன்னால் போதும். "சாப்புட வாங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அப்பாவும் மாமாவும் எண்ணெய் வாங்கச் செம்மேட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அம்மா வேனின் பின்மூடியைத் திறந்தாள். ஸ்பேனரை மாட்டி என்னை எஞ்சினை மெல்லச் சுற்றச் சொன்னாள். ஒவ்வொரு வால்வும் மூடியிருக்கும் நேரம் பார்த்து, திருகு தொட்டதும் இரண்டு சுற்று. எட்டுக்கும் அப்படியே. கொஞ்ச நேரம் பொறுத்துக் கிளப்பினோம். முதலில் தட்டியது, பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அவர்கள் திரும்பியதும் அம்மா சொன்னாள்: "நீங்க வெச்சது வெச்சபடிதானுங்கண்ணா. ஓடவுட்டுப் பாத்தேன், சத்தம் தானா நின்னுருச்சுங்க."

மாமா மீசையைத் தடவினார். "புள்ள உட்ட காத்தெல்லாம் ஓடி ஓடி வெளிய போயிருச்சு மாப்ள."

"பொய்யி!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப்போனாள். "சத்தம் நின்னுச்சில்ல சாமி, உடு" என்றாள். அந்தக் கையை ரத்தம் வரக் கடித்தேன். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன்.

வைகாசியில் மாமா மறுபடி வந்தார். "புள்ளையக் கீழ அனுப்பு மாப்ள. ஆஸ்டல்ல உட்டு நான் பாத்துக்கறேன்" என்றார். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. அதைச் சொல்லச் சொல்லித் தன் அண்ணனிடம் அம்மா எத்தனை முறை கெஞ்சினாளோ! அன்று அப்பா முன்னால் மாமா தலைகுனிந்திருந்தால், அதற்கப்புறம் எங்கள் வீட்டுப்படி ஏறியிருக்கவே மாட்டார். எல்லாம் இப்போது புரிகிறது. புரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. நான் படிக்க, செய்யாத தப்பை என் தலையில்தான் கட்ட வேண்டுமா?

பெட்டியோடு அதே வேனில் கிளம்பினோம். "என்ற கை பட்ட எஞ்சின், சத்தம் வருதா பாரு" என்றார் முன்சீட்டில் மாமா. அம்மா வாசலில் நின்று, நான் கடித்த வடு மாறாத கையை ஆட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.