அக்காவின் காதுக்குத் தெரிந்த அமெரிக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னைக் கேட்டபோது, "அழுகிற மாதிரி எழுதாதம்மா" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் அக்காவைப் பற்றி வாய் திறந்தால் எனக்குப் பெருமைதான் முந்திக்கொண்டு வரும்.

அக்கா பிறந்தது ஆந்திர எல்லையை ஒட்டிய சுண்ணாம்புக்குளத்தில். நைனாவும் அம்மாவும் பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்து எங்களை வளர்த்தார்கள். நாங்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் அப்பாவை நைனா என்போம், பேச்சில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ராகம் கொஞ்சம் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா, சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அவர் பேசியதைக் கேட்ட எழுத்தர், ஆந்திராக்காரர்களுக்கு இங்கே தருவதில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரேஷன் கார்டு அக்காவின் கையில்தான் இருந்தது. அந்த மனிதர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நைனா அலையாய் அலைந்து சான்றிதழ் வாங்குவதற்குள் கல்லூரியில் இடமெல்லாம் முடிந்து, அக்காவுக்கு ஒரு வருடம் வீணாகப் போயிற்று. அந்த எழுத்தரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அக்கா மன்னித்தாரோ என்னவோ, மறக்கவில்லை.

பட்டம் பெற்றதும் சென்னையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தார். அமெரிக்காவில் தபால் மூலம் மருந்து வாங்குகிறவர்கள் போன் செய்யும் இடம் அது. மீஞ்சூரில் வாடகைக்கு வீடு எடுத்து, என்னையும் உடன் வைத்துப் படிக்க வைத்துக்கொண்டு, ரயிலில் போய்வந்தார். வீட்டில் சமைக்கும்போதும் காதில் அமெரிக்கப் பேச்சுதான் ஓடும்.

அமெரிக்காவின் தெற்கத்திக்காரர்கள் ஆற அமர, இழுத்துப் பேசுவார்களாம். ஆனால் அந்தப் பேச்சு தெற்கில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதே என்பார் அக்கா. ஓஹியோ வடக்கத்தி மாநிலம், அதன் தென்கோடியில் அந்த இழுவை உண்டு. ஃப்ளோரிடாவில் எல்லாம் தலைகீழ். வடக்கே போகப் போகத்தான் தெற்கத்திப் பேச்சு காதில் விழுமாம். எனக்குத் தலை சுற்றும். உடனே காசிமேட்டுக்குக் குடிபோன எங்கள் அத்தையை இழுப்பார். போய் இத்தனை வருடமாகியும் அத்தை பிள்ளைகள் ஏரிப் பேச்சைத்தானே பேசுகிறார்கள் என்று கேட்பார். அப்போது எனக்குப் புரிந்துவிடும்.

ஒருநாள் கலிபோர்னியாவிலிருந்து ஒரு பெரியவர் இன்சுலின் கேட்டுப் பேசினார். முகவரி மேற்குக்கரை, பேச்சோ அசல் தெற்கத்தி. பேச்சும் முகவரியும் பொருந்தாவிட்டால் ஏமாற்றுப் பேர்வழி என்று கணக்கை முடக்க வேண்டும் என்பது அலுவலக விதி. முடக்கினால் திரும்பத் திறக்கப் பத்து நாள் ஆகும். அவரிடம் மூன்று நாள் மருந்துதான் இருந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் முடக்கப் போக, அக்கா அந்த அழைப்பைத் தன்னிடம் வாங்கிக்கொண்டார். கேட்ட எல்லாவற்றுக்கும் பெரியவர் சரியாகவே பதில் சொல்லியிருந்தார். அக்கா கூடுதலாக ஒன்று கேட்டார்: உங்கள் தாத்தா எங்கிருந்து வந்தவர்? ஒக்லஹோமாவில் மழை பொய்த்துப்போய் இங்கே பருத்தி எடுக்க வந்தவர், எங்கள் தெருவே இப்படித்தான் பேசும் என்றாராம். அக்கா தன் பொறுப்பில் மருந்தை அனுப்பிவிட்டார்.

மறுநாளே மேலாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். வேலை போனால் மீஞ்சூர் வீடும் போகும், என் படிப்பும் போகும். யாரோ ஒரு கிழவருக்காக நம் சோற்றில் மண்ணை அள்ளிப் போடுகிறாயே என்று நான் கத்தினேன். அக்கா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"இன்னாடி பேசுற? பேச்சு அந்தாளுக்கு அவங்க நைனா குடுத்தது. அட்ரஸ் கவர்மெண்டு குடுத்தது. ரெண்டும் ஒத்துப்போலன்னு மருந்தை நிறுத்துவாங்களா? எனக்கு ஒரு வருஷம்தான் போச்சு. அந்தாளுக்கு உசுரே போயிடும்."

அலுவலகத்தில் இரண்டு வாரம் விசாரித்தார்கள். பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்ததும், அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் அக்காவுக்கே வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்து ஆசிரியையானேன்.

கடைசி நான்கு மாதங்கள் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த மீஞ்சூர் அக்கம்பக்கத்தாருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த சுண்ணாம்புக்குளம் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவுடன் வேலை செய்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், அந்தப் பழைய அழைப்பின் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்றும் புதியவர்களுக்கு அதைத்தான் போடுகிறார்களாம். அதில் அக்கா அமெரிக்காவில் பிறந்தவர் போலவே பேசுகிறார். முடிவில் பெரியவர், நீ எந்த ஊரம்மா என்று கேட்கிறார். சொந்த ஊரைச் சொல்லக் கூடாது, ஏதாவது அமெரிக்க ஊரைச் சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்பது அங்கே இன்னொரு விதி. அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

சுண்ணாம்புக்குளம் என்றார், எங்கள் நைனா சொல்வது போலவே.

அன்புத் தங்கை