பிள்ளை பிடித்த இடம்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இடம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பிறந்த வீடு ராஜபாளையம். எண்பதுகளில் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மடவார் வளாகத்துப் பக்கம் வாழப் போனேன். வாரம் தவறாமல் அம்மா வீட்டுக்கு வந்து போவேன். பஸ் உள்ளே நுழைந்து திரும்பும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ கூடையையோ போட்டுவிட வேண்டும். போட்டால் அது நம் இடம். என் துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்த ஒருத்தரையும் நான் சும்மா விட்டதில்லை.

மகள் பிறந்து, கொஞ்சம் வளர்ந்த பிறகு துண்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவளையே தூக்கி ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடுவேன். உள்ளே இருப்பவர்கள் வாங்கி உட்கார வைப்பார்கள். ஆடிப்பூரத் தேர் சமயத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகள் ஏறும். டிரைவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, நாலு பேரிடம் பேசிவிட்டு வருவதற்குள் நாங்கள் நிதானமாகப் படியேறிப் போவோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில், சைதாப்பேட்டையில் இருந்த என் தங்கைக்குப் பிரசவம். உதவிக்குப் போனேன். மகளுக்கு அப்போது நாலு வயது. ஒருநாள் கைக்குழந்தைக்குத் துணி வாங்கப் பாரிமுனைக்குக் கிளம்பியபோது, தங்கை படுத்த படுக்கையிலேயே பாடம் நடத்தினாள்.

"சங்கிலிய முந்தானையால மூடிக்கோக்கா. ஓடுற பஸ்ல ஏறாத. எறங்குற எடத்த கண்டக்டர்ட்ட மொதல்லயே சொல்லிரு. புள்ள புடிக்கிறவன் இருப்பான், இவ கைய விட்டுராத."

"போடி, நான் பாக்காத பஸ்ஸா?" என்றேன். அவள் விடவில்லை. சைதாப்பேட்டைக்குத் திரும்பி வரும் பஸ் நம்பரை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டாள்.

போவதெல்லாம் நல்லபடியாகப் போனேன். துணி வாங்கி, சாயங்காலம் ஸ்டாப்புக்கு வந்தேன். கூட்டம் அப்பிக்கொண்டு நின்றது. கையில் இருந்த நம்பரோடு பஸ் வந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு ஜன்னல் இடம் காலி. வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. மகளை ஒரே தூக்காகத் தூக்கினேன்.

"ஏட்டி, அம்மாவுக்கு எடம் புடி. ஆரு சொன்னாலும் எந்திரிக்காத. இந்தா வாரேன்."

உள்ளே இருந்த ஒரு பெண் திகைத்துப்போய் அவளை வாங்கிக்கொண்டாள். நான் வாசலுக்குப் போவதற்குள் விசில் சத்தம். பஸ் கிளம்பிவிட்டது.

டீயும் இல்லை, வெற்றிலையும் இல்லை. படியில் ஆண்கள் தொங்கிக்கொண்டு போகிறார்கள், என் பிள்ளை உள்ளே போகிறாள். "ஏலே, நிப்பாட்டுலே! எம் புள்ளலே!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. துணிப்பை விழுந்ததும் தெரியாது. புள்ள புடிக்கிறவன் வரவேண்டியதே இல்லை, நானே தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்பது மட்டும் மண்டைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. மீட்டர் போடாத ஆட்டோவில் ஏறாதே என்பதும் தங்கை பாடத்தில் உண்டு. மீட்டரை யார் பார்த்தார்கள்? ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையை டிரைவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வேர்வையில் நம்பர் பாதி கலைந்திருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

"அழுவாதம்மா, அடுத்த ஸ்டாப்புல புடிச்சிடலாம்" என்றார். பிடித்தும் விட்டார். இறங்கி நான் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போக, "மொதல்ல கொயந்தயப் பாரும்மா" என்று கையைக் காட்டினார். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். அவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எங்கே ஆட்டோ ஏறினாலும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கீழே இறங்கி, நான் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக் கிழித்தன. அவர் அசையவில்லை.

"நீதான் அம்மாவா? இன்னாம்மா, கொயந்தயப் பார்சல் மாதிரி போட்டுட்டு... எறக்கி வச்சிக்கினு நிக்கலாம்னு பாத்தா, எந்திரிக்க மாட்டேங்குது. கடிக்குது" என்று கையைக் காட்டினார். பல் பதிந்திருந்தது.

இந்த ஊரை வந்த நாளிலிருந்து திட்டிக்கொண்டிருந்தவள் நான். செத்த நேரம் நிற்காத ஊர், முகம் பார்க்காத ஜனம் என்று தங்கையிடம் எம்புட்டோ பேசியிருந்தேன். அந்த ஜனம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பஸ் முழுக்க நெருக்கிக்கொண்டு, எனக்காகக் காத்து நின்றது. ஒருத்தரும் என்னை ஏசவில்லை. விலகி விலகி வழிவிட்டார்கள்.

மகளை முதலில் வாங்கிய பெண், அவள் முதுகில் கை வைத்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தாள். மகள் சீட்டில் குறுக்கே படுத்து, முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண்ணெல்லாம் நீர். என்னைப் பார்த்ததும்தான் பிடியை விட்டாள்.

"எங்கம்மா வந்துட்டா" என்று பஸ்ஸுக்கே சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அத்தனை பேர் நிற்கும்போது உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் விசிலை வாயருகே கொண்டுபோனவர், என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"குந்தும்மா. அது உன் எடம்."

நான் உட்கார்ந்த பிறகுதான் விசில் அடித்தார்.