சந்தனம் பூசிய கடவுச்சீட்டு

என் மகனுக்குப் பேர் வைப்பதற்கு முன்பே நாடு வைத்துவிட்டார்கள். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் எங்கள் ஒழுங்கையில், யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "கனடாக்காரர் எழும்பிற்றாரோ?" என்று கேட்பார். தொட்டிலில் கிடந்த கனடாக்காரருக்கு அப்போது கழுத்துக்கூட நிற்கவில்லை.

இதெல்லாம் என் மாமியின் திட்டம். மாமியின் மூத்த மகள், அதாவது என் மச்சாள், கனடாவில் வீடும் காரும் வைத்திருப்பவர். நான் பிள்ளை வயிற்றோடு வாந்தியெடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மாமி குசினிக் கதவில் சாய்ந்து நின்று சொன்னார்.

"இஞ்ச பெத்தா இலங்கைப் பிள்ளை. அங்க பெத்தா கனடாப் பிள்ளை. நோவு ஒண்டுதானே."

பதில் சொல்ல எனக்கு வாய் ஓய்வாக இல்லை. என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். மலை மாதிரிக் கப்பல்களையெல்லாம் கயிறு போட்டு இழுத்து வருவார். வீட்டுக்கு வந்தால் தாய் இழுத்த இழுப்புக்குப் போவார். ஈச்சிலம்பற்றில் மாமாவுக்கு இருந்த வயல் விலைப்பட்டது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், மச்சாளைப் பார்க்கப் போகிறேன் என்று விசா எடுத்து, தொளதொளத்த சட்டையோடு விமானம் ஏறினேன்.

அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். தாதி என் தலையணையைச் சரிசெய்தபடியே எந்தக் காப்புறுதி என்று அன்பாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அன்பு குறையவில்லை, ஆனால் கேள்வியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். வயல் முழுவதும் அந்த ஆஸ்பத்திரியிலேயே விளைந்து முடிந்தது. பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் அவனுடைய கடவுச்சீட்டு தபாலில் வந்தது. இலவச வைத்தியத்துக்கான அட்டை வரவில்லை. கேட்டபோது, "அது பிறகு வரும்" என்றார் மச்சாள். வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

என் விசா முடிந்ததும் திரும்பி வந்தோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்காமலே விட்டார். பிள்ளையின் கடவுச்சீட்டைத்தான் விரித்து, முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, இத்தனை நாள் தங்கலாம் என்று முத்திரை குத்தினார். நான் ஊர் திரும்பியவள். என் மடியில் மூத்திரம் பெய்துகொண்டிருந்தவர் சுற்றுலாப் பயணி. பிறகு விசாவை நீடிக்கவேண்டி வந்தபோது, வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கணவர் கேட்டார். பால் குடிக்க என்று எழுதச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சந்தனம் வைக்காமல் விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, பரீட்சை அனுமதி அட்டை, எதுவானாலும் பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டில் இருந்துவிட்டு வரவேண்டும். விசா நீடித்து வந்த கையோடு கடவுச்சீட்டும் போனது. மாமா அதைத் தட்டில் வைத்தபோது, எந்தப் பக்கம் என்று ஐயர் கேட்டாராம். "எல்லாத்திலையும் வையுங்கோ ஐயா" என்றாராம் மாமா. ஐயர் குறை வைக்கவில்லை. முகப்பில் ஒன்று, படத்தில் ஒன்று, முத்திரை குத்திய பக்கங்களில் தாராளமாக. ஈரம் காய முன்பே மூடி, பட்டுத்துணியில் சுற்றி, பூச்சி உருண்டைகளோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார்கள்.

இதற்கிடையில், பிள்ளையை இலங்கைப் பிரசையாகவும் பதிந்துவிடுவோம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். தாயும் தகப்பனும் இலங்கையர் என்றால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையையும் பதியலாம், ஒரு வயதுக்குள் செய்தால் அலைச்சல் குறைவு என்று விசாரித்து வைத்திருந்தேன். மாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இஞ்ச பதிஞ்சா அங்கத்தையான் பிரசாவுரிமை வெட்டுப்பட்டுப் போம். வயலை வித்து வாங்கினதை வீணாக்கிறதோ?"

கணவரைப் பார்த்தால், "பாப்பம்" என்பார். எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் பார்க்கமாட்டோம் என்று பொருள்.

மாதாமாதம் மருத்துவமாது மட்டும் ஸ்கூட்டரில் வந்து பிள்ளையின் நிறை பார்த்து, தடுப்பூசிக்கு நாள் சொல்லிப் போவார். அவர் எந்த நாடு என்று கேட்டதில்லையே என்று எனக்கு மனதுக்குள் மரியாதை இருந்தது. ஒருநாள் வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ஏன் தங்கச்சி, அங்க போய்ப் பெறுறதெண்டா எத்தினையாம் மாசத்தில ஏறவேணும்? என்ர மருமகளுக்குத்தான்" என்றார்.

பிள்ளைக்கு எட்டு மாதம் நடக்கும்போது, குளிக்கவார்க்கையில் அடிவயிற்றோரம், தொடை சேருமிடத்தில், புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கத்தைக் கண்டேன். அழுதால் பெருத்தது, தூங்கினால் காணாமல் போனது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். குடலிறக்கம் என்றார் டொக்டர். சின்ன ஒப்பரேசன்தான், ஆனால் தள்ளிப்போட வேண்டாம். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, பிள்ளை வாந்தியெடுத்தால் அந்த நிமிடமே கொண்டு வாருங்கள் என்றார். நாள் குறிக்க எழுதுவினைஞரிடம் அனுப்பினார். அவர் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெளிநாட்டுப் பிள்ளையெல்லோ. இவருக்கு இலவசம் இல்லை அம்மா. கட்டணம் கட்டுற வழியிலதான் செய்யலாம்."

மாமிக்கு அப்போதும் பெருமைதான் முந்தியது. "ஓம், கனடாப் பிள்ளை" என்றார். பிறகுதான் மற்றச் செய்தி உள்ளே இறங்கியது. கட்டுவதற்கு இன்னொரு வயல் எங்களிடம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் கதிரைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மச்சாளைக் கைபேசியில் கூப்பிட்டார்கள். "அங்க சும்மா செய்வாங்கள்தானே" என்றார் மாமி.

"செய்வாங்கள். ஆனா அதுக்குக் காட் வேணும். இஞ்ச இருக்கிற ஆக்களுக்குத்தான் காட்" என்றார் மச்சாள்.

"அவன் அந்த நாட்டுப் பிள்ளையெல்லோ" என்றார் என் கணவர்.

"அது பாஸ்போட்டுக்குத் தம்பி. காட்டுக்கு ஆள் இஞ்ச வந்து இருக்கவேணும்."

இரண்டு வீட்டிலும் கல்யாணமாம், இடையிலே செத்ததாம் நாய்க்குட்டி. என் பிள்ளைக்கு நாட்டுக்குக் குறைவில்லை. படுக்க ஒரு கட்டில்தான் எந்த நாட்டிலும் இல்லை.

மச்சாள் கொஞ்சம் யோசித்துவிட்டு வழி சொன்னார். "பிள்ளையை என்னட்ட அனுப்புங்கோ. நான் வைச்சிருந்து காட் எடுத்துச் செய்விக்கிறன். அப்பிடியே இஞ்ச வளரட்டும்."

"தாய்?" என்று கேட்டேன். என்னையே நான் மூன்றாம் ஆள் மாதிரிக் கேட்டது எனக்கே அந்நியமாக இருந்தது.

"உங்களுக்கு இனி விசா குடுப்பாங்களெண்டு நான் நினைக்கேல்ல. வந்து பெத்துக்கொண்டு போன ஆளெல்லோ."

மாமி என் பக்கம் திரும்பாமல், "ரெண்டு மூண்டு வருசம்தானே. நல்லாய் வளர்ந்து வருவான்" என்றார். சீனன்குடாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அடுத்த மாதம் மனைவியோடு கனடா போகிறார், அவர்களோடு அனுப்பலாம் என்று மாமாவும் கணக்குப் போட்டார். பால் பழக்கம் எப்படி மாற்றுவது என்பது வரை பேச்சுப் போனது. எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது, ஏனென்றால் என் கணவர் ஒரு சொல்லும் சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பிள்ளையை என் மடியில் வைத்துக்கொண்டே பொதி கட்டினார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

விமான ரிக்கற் போடக் கடவுச்சீட்டின் படம் வேண்டும் என்றார்கள். மாமா அலுமாரியைத் திறந்து பட்டுத்துணியை அவிழ்த்தார். பூச்சி உருண்டை மணமும் கோயில் மணமும் சேர்ந்து வந்தன. கடவுச்சீட்டு விரியவில்லை. மாமா பிடித்து இழுத்தார். அப்பளம் உடைகிற சத்தத்தோடு பக்கங்கள் பிரிந்தன, இரண்டு பாதியாகவும் கிழிந்தன. படத்தில் இருந்த பிள்ளைக்கு நெற்றி முதல் நாடி வரை சந்தனம். எதுவரை தங்கலாம் என்று சொன்ன முத்திரைகள் சந்தன ஈரத்தில் கரைந்து ஊதா நிறச் சேறாகிக் கிடந்தன.

மாமா இரண்டு பாதியையும் ஒட்டவைத்துப் பிடித்துப் பார்த்தார்.

"ஐயர்தான் வைச்சவர்" என்றார் மாமா.

"எல்லாத்திலையும் வையுங்கோ எண்டது ஆர்?" என்றார் மாமி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். எனக்கு மட்டும் பூசாரிதான் கைகொடுத்தார். இந்தக் கடவுச்சீட்டோடு விமானம் ஏறேலாது, புதிதாகத்தான் எடுக்கவேண்டும் என்று மச்சாள் கைபேசியில் கத்தினார். "தாய் தகப்பன் ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அன்றுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார்கள் என்று சொன்னாலும் பிழையில்லை.

"நான் வைக்கமாட்டன்" என்றேன்.

மாமி வாயைத் திறந்தார். அதற்கு முன் என் கணவர் எழுந்தார். "அம்மா, விடுங்கோ" என்றார். பிறகு என்னிடம், "நாளைக்குக் கொழும்புக்குப் போய் இவனைப் பதிவம். பிறப்புச் சான்றிதழ் உம்மட்டத்தானே இருக்கு?" என்று கேட்டார். இருந்தது. பள்ளிக்கூடத்துப் பையில், மாமாவின் கண்ணில் படாமல், சந்தனம் படாமல் வைத்திருந்தேன். அந்த மனிதர் பேச எட்டு மாதம் எடுத்தது என்று எனக்குக் கோபம் இருந்தது. பேசிவிட்டாரே என்று அழுகையும் வந்தது.

பஸ் கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் போகும் நேரம் முழுவதும் என் கை பிள்ளையின் சட்டைக்குள்ளேயே இருந்தது. வீக்கம் மெத்தென்று இருக்கிறதா, இறுகுகிறதா என்று தடவிக்கொண்டே போனேன். அவன் ஒருமுறை கக்கினான். எனக்கு உயிர் போய் வந்தது. குடித்த பால்தான் என்று கணவர் முகர்ந்து பார்த்துச் சொன்னார். கொழும்பில் குடிவரவு அலுவலகத்தில் முதலில் அந்தக் கரைந்த முத்திரைக்கு விளக்கம் சொல்லி முடித்தோம். சந்தனம் என்றதும் அதிகாரி விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு பதிவுக்குப் போனோம். இங்கே பதிந்தால் அங்கத்தையான் வெட்டுப்படுமோ என்று கணவர் தாய்க்காக ஒருமுறை கேட்டார்.

"அது அவங்கட விசயம். நாங்கள் வெட்டிறதில்லை" என்றார் அதிகாரி.

அலைச்சல் அலைச்சல்தான். ஆனால் பிரசாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்தது. அதோடு வீட்டுப்படி ஏறும்போதே மாமி சந்தனக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். பழக்கம் விடுமா?

"கடுதாசியில வேண்டாம் மாமி. பிள்ளையின்ர நெத்தியில வையுங்கோ" என்றேன்.

மாமி வைத்தார். அவருக்கும் அவன் பேரன்தானே.

ஒப்பரேசன் அன்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மாமா, மாமி, கணவர், நான் எல்லாரும் சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் நின்றோம். பக்கத்தில் நின்ற குறிஞ்சாக்கேணிப் பெண்ணிடம் மாமி, "எங்கட ஆள் ரெண்டு நாட்டுக்காரர்" என்று ஆரம்பித்துவிட்டார். கதவு திறந்தது. தாதி ஈரப் பஞ்சால், பிள்ளையின் நெற்றியில் மாமி காலையில் வைத்த சந்தனத்தைத் துடைத்து எறிந்தார். கட்டுநாயக்காவில் இருந்து கொழும்பு வரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"மயக்கம் வருமட்டும் ஒரு ஆள் உள்ள வரலாம். தாய் ஆர்?"

"நான்" என்றேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.